தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொதுவாக ஒரு 17

தர்மபுரியின் பின்கோடு 636701. பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். கடைசி இலக்கம் 1, இலக்கங்களைக் கூட்டினால் 23. ஆக 2, 3, 5 எதுவும் போகாது. 7, 11-ம் போகாது. 13-ல்தான் மாட்டுகிறது: 13 × 17 × 43 × 67. நாலும் வேறு வேறு பகா எண்கள் என்பதால் மொத்தம் 16 காரணிகள்.

ஒவ்வொன்றாக வகுக்கச் சோம்பலா? பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா சொன்ன வழி இருக்கிறது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 797-ஐத் தாண்டுகிறது, அதனால் 798-லிருந்து ஒவ்வொன்றாக வர்க்கம் போட்டு, அதிலிருந்து பின்கோடைக் கழித்து, மீதியும் ஒரு வர்க்க எண்ணாக வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். 801-க்கு வந்ததும் 641601 − 636701 = 4900. அட, 70-இன் வர்க்கம்! பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய அதே a² − b²-தான். (801 + 70) × (801 − 70), அதாவது 871 × 731. கால்குலேட்டர் வேண்டாம், கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம் போதும்.

சரி, கிருஷ்ணகிரி? 635001 = 3 × 17 × 12451. இந்த 12451 கல்நெஞ்சக்கார எண். 111 வரைக்கும் உள்ள 29 பகா எண்களில் எதைக் கொண்டு வகுத்தாலும் மீதி வரும், ஆகவே பகா எண்.

இரண்டிலும் 17 இருக்கிறதே என்று பார்த்தால், இரு பின்கோடுகளுக்கும் வித்தியாசம் சரியாக 1700. ஒன்றில் 17 போனால் மற்றதிலும் போயே ஆக வேண்டும். 2004-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், இதைப் பிரிக்க முடியவில்லை.

ஓசூர் 635109-ஐயும் 17-ஆல் வகுத்தேன். மீதி 6. அவர்கள் எப்பவும் பெங்களூரு பக்கம்தான், விடுங்கள்.