கிளாம்ப் போடுவதற்கு முன்னால்

ஸ்கேன் படத்தில் சிறுநீரகத் தமனி குறுகியிருக்கிறது, நோயாளிக்கு ரத்தக்கொதிப்பும் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். குறுகிய சிறுநீரகத் தமனியைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையில் கிடைத்த ஏமாற்றங்களில் பெரும்பகுதி கத்தியால் வந்ததல்ல, இந்த முடிச்சால் வந்தது.

1934-ல் அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கிளாம்ப் என்னும் இடுக்கியால் நெருக்கி, ரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். ரத்தம் குறைந்த சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரக்கிறது. அந்தத் தூண்டல் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் வழியாகத் தொடர்ந்து, குழாய்களை இறுக்கி உப்பைத் தேக்குகிறது. 1938-ல் ஒரு குழந்தையின் பழுதுபட்ட சிறுநீரகத்தை எடுத்ததும் கொதிப்பு தணிந்தது. அதன்பின் சுருங்கிய சிறுநீரகங்கள் சகட்டுமேனிக்கு அகற்றப்பட்டன. 1956-ல் உடலியங்கியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே பலன் இருந்தது. குறுகல் இருப்பது வேறு, குறுகலால் அழுத்தம் ஏறுவது வேறு.

இன்று முதல் கேள்வி வயதும் இடமும். இளம்பெண்ணுக்குத் தமனியின் நடுவிலோ கடைப்பகுதியிலோ மணிமாலைபோல் குறுகல் தெரிந்தால் அது தசைநார் மிகைவளர்ச்சி. பெரும்பாலும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் இல்லாமல், தமனிக்குள் பலூனை விரித்தாலே போதும். முதியவருக்குத் தமனி பிறக்கும் வாயிலேயே கொழுப்புப் படிவு என்றால் முதலில் மாத்திரைதான். 2009-ல் ஆஸ்ட்ரல், 2014-ல் கோரல் ஆகிய ஆய்வுகளில், மருந்தோடு ஸ்டென்ட் சேர்த்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் திடீர் நுரையீரல் நீர்க்கோவை திரும்பத் திரும்ப வருபவரை இந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. கிளைகள்வரை பரவிய நோய், தமனி வீக்கம், தோற்றுப்போன பலூன், பெருந்தமனியையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டிய நிலை, சில குழந்தைகள்: அறுவைக்கு மிஞ்சுவது இவர்கள்தான். பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் டக்கயாசு தமனியழற்சி என்றால் அழற்சி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சிறுநீரகம் 7 செ.மீ.க்கும் சிறுத்து, வேலையும் செய்யவில்லை என்றால், குறுகலைத் தாண்டி மாற்றுக்குழாய் வைக்கும் பைபாஸால் அது மீளாது. கொதிப்புக்கு அதுதான் காரணம் என்று உறுதியானால் அகற்றுவதே நேர்மை.

பைபாஸில் பாதி வேலை வழி திறப்பதுதான். இடப்புறம் சிறுநீரகச் சிரையை ஒதுக்க, அதில் வந்து சேரும் அட்ரினல், பாலுறுப்பு, இடுப்புச் சிரைகளைக் கட்டி வெட்ட வேண்டும். இடுப்புச் சிரை பின்னால் ஒளிந்திருக்கும். அது கிழிந்தால் குழி நிமிடத்தில் ரத்தத்தால் நிரம்பும். தொடையிலிருந்து எடுத்த சிரையின் வால்வுகள் ஓட்டத்தைத் தடுக்காதிருக்க, அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறோம். குழந்தைகளில் அந்தச் சிரை நாளடைவில் பலூன்போல் விரியும். ஆகவே உள் இடுப்புத் தமனியே நல்லது.

கிளாம்புக்கு முன், சிறுநீரைப் பெருக்கும் மானிட்டால் 12.5 கிராம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் உடல் எடை கிலோவுக்கு 100 யூனிட் அளவில். முதலில் ஒட்டுக்குழாயின் பெருந்தமனி முனையைத் தைத்துவிட வேண்டும். சிறுநீரகம் பட்டினி கிடக்கும் நேரம் அதனால் குறையும். பிறகு தமனியைச் சாய்வாக வெட்டி, விட்டத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் வாய் திறந்து, 6-0 அல்லது 7-0 அளவு மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நூலால் தையல். 30 நிமிடத்துக்குள் முடியாது என்று தெரிந்தால் 4 டிகிரி திரவத்தால் குளிர்விப்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கிளைகள் பல என்றால் சிறுநீரகத்தை வெளியே எடுத்து, பனிக்குளிரில் வைத்துச் சரிசெய்து, இடுப்புக்குழியில் திரும்பப் பொருத்துவதும் உண்டு.

அதிகம் கவனிக்காத தவறு நீள அளவில் வருகிறது. விரிப்பான்கள் இழுத்துப் பிடித்திருக்கையில் அளந்தால், அவற்றை எடுத்துக் குடலை உள்ளே வைத்ததும் ஒட்டுக்குழாய் மடங்கும். முறுக்கும் அப்படியே, சிரையின் மேல்பக்கத்தில் மையால் கோடு போட்டுவைத்தால் தெரிந்துவிடும். இன்னொன்று தமனியின் உட்படலம் உரிந்து மடல்போல் தொங்குவது. கைக்குத் துடிப்பு கிடைக்கும், உள்ளே அடைப்பு வளரும். அதனால் வயிற்றை மூடுமுன், ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அளக்கும் டாப்ளரால் பார்த்தாக வேண்டும். தையலருகே ரத்தத்தின் வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டி, அலையும் குழம்பியிருந்தால் திறந்து திருத்துவதுதான் சரி. அந்தப் பத்து நிமிடச் சலிப்பைத் தாங்க முடியாமல் மூடிவிடுவது சிறுநீரகத்தையே பறித்துவிடும்.

வார்டில் சிறுநீர் திடீரென்று குறைந்து அழுத்தம் எகிறினால், வலியென்றோ குளிரென்றோ சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே டாப்ளர் எடுக்க வேண்டும். ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ஏ.சி.இ. தடுப்பு மாத்திரைகளை, ஓட்டம் சீராக இருப்பதை உறுதிசெய்த பிறகே, குறைந்த அளவில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் பார்க்கிறோம். இரண்டு மாத்திரை ஒன்றாகக் குறைவதும் வெற்றிதான் என்று நோயாளியிடம் சொல்லவேண்டிய வேளை, ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்திடுவதற்கு முன்பு.