பழைய ஹைலக்ஸில் துணை விளக்கு: தலைகீழாக எரிந்ததைச் சரிசெய்த விதம்

புல்பாரில் (வண்டியின் முன்பக்கப் பாதுகாப்புக் கம்பியில்) ஏற்றிய இரண்டு 7 அங்குல எல்இடி விளக்குகளும் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டன. ஹை பீம் போட்டால் எரிகின்றன, லோ பீமுக்கு இறக்கினால் அணைகின்றன. விளக்குக்கான வயர், ரிலே, சுவிட்ச் அடங்கிய கிட்டோடு வந்த வயரிங் படத்தை அப்படியே பின்பற்றினால் எல்லாம் நேர்மாறு: லோ பீமில் கண்ணைப் பறிக்கும், ஹை பீமில் செத்துப்போகும். மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட், லாசா பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ஹைலக்ஸ் வீகோவும் அதற்கு முந்திய ஹைலக்ஸும் ஓடிக்கொண்டிருப்பதால், இந்த ஒரு இடத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் விளக்கைப் பற்றி. ஜோடி 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் (ஒளி அளவு) கணக்கை நம்பவே கூடாது. வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் போதும். இந்த ஜோடியில் ஒவ்வொன்றும் 120 வாட் என்று எழுதியிருக்கிறது, 13.8 வோல்ட்டில் இழுப்பதோ 3.4 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 47 வாட். அது குறையில்லை, செம்மண் ரோட்டுக்கு அதுவே தாராளம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி ஈரச் சரளையில் நிற்க 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 800 மீட்டர் அடிக்கும் ஊசிக்கதிர் செம்பனைக் காட்டுக்குள் எதற்கு? வளைவில் கான் (வடிகால்) ஓரம் தெரிய வேண்டும், வரிசைக்குள்ளிருந்து மாடு இறங்கினால் தெரிய வேண்டும். அதனால் இடப்பக்கம் அகல ஒளி, ஓட்டுநர் பக்கம் நீள ஒளி என்று கலந்து மாட்டுவதே என் கட்சி. நிறத்தில் 6500 கெல்வின் பக்கம் போகாதீர்கள். விடிகாலைப் பனியிலும் செம்பனைக் குலை லோரி கிளப்பும் தூசியிலும் அந்த நீல வெள்ளை முழுதும் திரும்பி முகத்தில் அடிக்கும். 5000க்குக் கீழே கிடைத்தால் எடுங்கள். கூரை மேல் நீட்டுப் பட்டை விளக்கும் வேண்டாம். போனெட்டில் பட்டுக் கூசும்.

இனி ரிலே, அதாவது உள்ளே உள்ள காயிலில் சிறு மின்னோட்டம் ஓடினால் விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடும் சுவிட்ச். பெரும்பாலான கார்களில் ஹை பீம் போட்டதும் பல்பின் ஹை முனைக்கு 12 வோல்ட் வரும், மறுமுனை எர்த். மலிவு கிட் எல்லாமே இதை நம்பித்தான் செய்யப்படுகிறது. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஏற்பாடு வேறு. லோ, ஹை இரண்டு இழையும் ஒரே பல்பில் உள்ள எச்4 வகையின் சாக்கெட்டில், பொது முனையில் லைட் போட்டதுமே பாசிட்டிவ் நிற்கும். லோ, ஹை என்று சுவிட்ச் எர்த்தைத்தான் மாற்றிக் கொடுக்கும்.

கிட்டின் டிரிகர் வயரை (ரிலே காயிலின் 86 என்ற முனைக்குப் போகும் வயர்) ஹை முனையில் கொடுத்து, காயிலின் மறுமுனையான 85ஐ பாடியில் எர்த் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். லோ பீமில் ஹை முனை எர்த் ஆகாமல் தொங்குகிறது. பொது முனையின் 12 வோல்ட் ஹை இழை வழியாக வந்து, டிரிகர் வயரில் இறங்கி, காயில் வழியாக பாடிக்குப் போகிறது. காயில் 80 ஓம் அளவு, குளிர்ந்த இழை ஒரு ஓம்கூட இல்லை. எனவே வோல்ட் முழுதும் காயிலுக்கே கிடைத்து ரிலே இழுத்துக்கொள்ளும். இழையோ ஒளிராது. ஹை பீம் போட்டதும் அந்த முனை எர்த் ஆகிவிடும், காயிலின் இரு பக்கமும் எர்த், ரிலே விட்டுவிடும். ரிலே கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருந்தாலும் பலன் இராது.

உறுதிப்படுத்த, ஒரு பக்கத்துச் சாக்கெட்டை மட்டும் கழற்றுங்கள், மறுபக்க பல்பு மாட்டியே இருக்கட்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். லோ பீமில் ஹை முனை 12 காட்டி, ஹை பீமில் பூஜ்யம் காட்டினால் உங்கள் வண்டி இந்த ரகம்தான்.

தீர்வு: காயிலை பாடிக்கு எர்த் செய்யவே கூடாது. 86ஐ பொது முனைக்கும், 85ஐ டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஹை முனைக்கும் கொடுங்கள். லோ பீமில் இரு பக்கமும் 12, மின்னோட்டம் இல்லை. ஹை பீமில் ஒரு பக்கம் எர்த், ரிலே இழுக்கும். டயோடு உள்ள ரிலேயானால் 86தான் பாசிட்டிவ், மாற்றினால் டயோடு போய்விடும். கிட்டின் ரிலே சாக்கெட்டில் 85ஐயும் விளக்குகளின் எர்த்தையும் ஒரே முனையில் சேர்த்து நசுக்கியிருப்பார்கள். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நாக்கை அழுத்தி அந்த முனையை உருவிப் பிரித்தே ஆக வேண்டும். கிட்டின் மூன்று முனை சுவிட்சில் உள்ள குட்டி விளக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது. இரண்டு முனை சாதா சுவிட்ச் போடுங்கள். காயில் இழுப்பது 0.15 ஆம்பியர்தான், 0.5 சதுர மி.மீ. வயர் போதும்.

வண்டியின் அசல் வயரை வெட்டாமல், எச்4 நீட்டிப்புச் சாக்கெட் ஒன்று வாங்கி அதில் தட்டி எடுப்பது நல்லது. கவ்வி இணைப்பு நம் மழைக்குச் சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். பசையுள்ள சுருங்கு குழாய் கட்டாயம்.

ஐந்து முனை ரிலே கொடுத்தால் விளக்கை, ரிலே இழுத்ததும் இணையும் 87இல் மாட்டுங்கள். 87ஏ என்பது ரிலே சும்மா இருக்கும்போது இணைந்திருக்கும் முனை.

பவர் வயரில் ஓர் எச்சரிக்கை: கிட் வயர் தடியாகத் தெரியும், உறை உரித்தால் உள்ளே இழை கொஞ்சம். இழையைக் கத்தியால் சுரண்டி வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம், மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை எறிந்துவிட்டு 2.5 சதுர மி.மீ. தாமிரம் போட்டாயிற்று. போக வர 4 மீட்டர், ஜோடிக்கு 6.8 ஆம்பியர், இழப்பு 0.2 வோல்ட். ஃபியூஸ் 10 ஆம்பியர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில். ஹாலோஜென் 100 வாட் ஜோடி போடுகிறவர்களுக்கு 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். அவர்கள் 4 சதுர மி.மீ.க்குப் போக வேண்டும், ஏனென்றால் ஹாலோஜெனில் வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி முப்பது விழுக்காடு போய்விடும்.

ஹாலோஜென் என்றதும் ஒன்று. ஈப்போ பக்கம் போனால் ஹாஃப்கட் கடைகளில் (வெட்டி இறக்கிய பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடைகள்) ஜப்பானிலிருந்து இறங்கிய ஐபிஎஃப் பிராண்டு விளக்குகளைத் தேடிப் பாருங்கள். பிரதிபலிப்பான் மங்காமல் இருந்தால் புது மலிவு எல்இடியை விட ஒளி வடிவம் சுத்தம். மஞ்சள் கண்ணாடியில் ஒரு ஜோடி சிக்கினால் பனிக்கு என்று தாழ்வாக மாட்டலாம் என்பது அடுத்த யோசனை.

இன்னும் முடியாதவை இரண்டு. எல்இடி டிரைவர் வாக்கி-டாக்கியில் இரைச்சல் போடுகிறது. இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையத்தை விளக்குக்கு மிக அருகில் வயரில் மாட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று அதிர்வு. ஒற்றை போல்ட் பிடிமானம் செம்மண் அலையில் நிற்காது, மேலிருந்து ஒரு தாங்குகம்பி வேண்டும். அது வந்தபிறகே ஒளியை நிலைப்படுத்துவது: 10 மீட்டரில் சுவர், வழக்கமான சுமையோடு, ஒளியின் மையம் விளக்கு உயரத்துக்கு 5 செ.மீ. கீழே. தார் ரோட்டுக்கு ஏறினால் சுவிட்ச் அணைத்து, மூடியும் போட்டுவிடுங்கள். எதிரே வருகிறவருக்குக் கண் தெரியாது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மனும் கிடைக்கும்.