வெயிட் தூக்கும் நாளில் சுகர்: ஏறும்போது கை வைக்காதீர்கள்

செட் எல்லாம் முடித்த கையோடு விரலில் குத்திப் பார்த்தால் பலருக்குச் சுகர் ஏறித்தான் இருக்கும். 140-ல் ஆரம்பித்தவருக்கு 185 காட்டும். நடந்தால் இறங்குகிறது, வெயிட் தூக்கினால் ஏறுகிறது, இது நமக்குச் சரிப்படாது என்று முதல் வாரத்திலேயே ஜிம்மை விட்டவர்கள் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் வேறொன்று செய்வார்கள். அந்த 185-ஐ இறக்க உடனே ஒரு கரெக்‌ஷன் டோஸ் போட்டுவிட்டு, நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி எழுந்திருப்பார்கள். சுகரோடு வெயிட் தூக்குவதில் முதலில் பிடிபட வேண்டியது இந்த ஏற்றமும் அதன் பின்னால் வரும் இறக்கமும்தான்.

கனமான செட்டின்போது அட்ரினலின் சுரக்கிறது. அது கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற இருப்புச் சர்க்கரையை உடைத்து ரத்தத்தில் விடச் சொல்கிறது. அந்த நேரத்தில் தசை இழுத்துக்கொள்வதைவிடக் கல்லீரல் கொட்டுவது அதிகம், அதனால் எண் ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். இன்னொரு பக்கம், சுருங்கி விரிந்த தசை குளுக்கோஸை உள்ளே விடும் வாசல்களை இன்சுலின் உதவி இல்லாமலேயே திறந்துகொள்கிறது. செலவான கிளைகோஜனைத் திரும்ப நிரப்பிக்கொள்ளவும் பார்க்கிறது. இந்த இழுவை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். டைப் 2-க்கு வெயிட் பலன் தருவதற்குக் காரணம் இதுதான். இன்சுலின் போடுகிறவருக்கு ராத்திரி லோ, அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்குவது, வருவதற்குக் காரணமும் இதுவேதான். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்து வராத நாட்களில் என்று வழிகாட்டுதல்கள் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். மூன்றாவது நாளுக்குள் பலன் மங்கிவிடுகிறது.

அதற்காக நடையை விட்டுவிட வேண்டாம். 2007-ல் வெளியான டேர் (DARE) என்ற ஆய்வில் டைப் 2 உள்ள 251 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். வெயிட் மட்டும் செய்தவர்களுக்கும் ஏரோபிக் மட்டும் செய்தவர்களுக்கும் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக இறங்கியது. ஆனால் அவர்கள் உடற்பயிற்சிக்குச் செலவிட்ட நேரமும் கூடுதல் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் "எக்சர்சைஸ் செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமாக" என்றுதான் பதில் வரும். அவர் மனதில் இருப்பது நடைப்பயிற்சி. "பார்பெல் தூக்கப் போகிறேன், மூச்சடக்க வேண்டி வரும்" என்று விவரமாகச் சொல்லுங்கள். முக்கியமாகக் கண். கண்மணியை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை சமீபத்தில் செய்திருக்க வேண்டும். விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும் கட்டத்தில் இருப்பவர், அல்லது அதற்கு முந்தைய தீவிரக் கட்டத்தில் இருப்பவர், மூச்சை அடக்கி முக்கித் தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். லேசர் செய்திருந்தால் எப்போது திரும்பலாம் என்பதைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஜிம் டிரெய்னர் அல்ல. ஓய்வில் ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவரும் வரை வெயிட் கிடையாது. நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் இதயப் பரிசோதனை முதலில். உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, சும்மா இருக்கும்போதே நாடி 100-க்கு மேல் அடிக்கிறது என்றால் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாக நடத்தும் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் நாடித்துடிப்பை வைத்து உழைப்பை அளக்கக் கூடாது. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படிப்பது. மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின் போன்றவை தனியாக லோ சுகரை உண்டாக்குவது அரிது. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் வகையும் இன்சுலினும் உண்டாக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குக் கவலை வேறு. இந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் தண்ணீரும் கூடவே போகும். மாவுச்சத்தை மிகவும் குறைத்து, பட்டினியாகக் கடும் பயிற்சி செய்தால், மீட்டரில் எண் பயமுறுத்தாத அளவில் இருக்கும்போதே கீட்டோன் (கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறிவிடலாம். குமட்டல், வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் மீட்டரை நம்பாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு லோ வரும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். ஜிம்மில் அதை யார் கவனிப்பது? அவர்கள் செட்டுகளுக்கு நடுவில் ஒரு முறையாவது அளந்து பார்ப்பது நல்லது.

இன்சுலின் போடுகிறவர்கள் ஆரம்பிக்கும் முன் பார்க்கும் எண்ணை இப்படி வாசிக்கலாம். 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 90-ஐத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டும். 90-லிருந்து 180 வரை வெயிட்டுக்குத் தோதான இடம். 180-லிருந்து 270 வரை செய்யலாம், ஆனால் இன்னும் ஏறும் என்று தெரிந்தே செய்ய வேண்டும். 270-க்கு மேல் காரணம் தெரியாமல் நின்றால், குறிப்பாக டைப் 1-ல், ரத்தக் கீட்டோன் பார்க்காமல் பாரைத் தொடக் கூடாது. கீட்டோன் 1.5 (மில்லிமோல்/லிட்டர்) அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்குப் பயிற்சியே இல்லை, உடனே அதைக் கவனிக்க வேண்டும். முந்தைய 24 மணி நேரத்தில் அடுத்தவர் உதவி தேவைப்பட்ட அளவுக்கு லோ வந்திருந்தாலும் அன்றைக்கு விடுமுறைதான். ஒரு கடுமையான லோவுக்குப் பிறகு உடம்பின் எச்சரிக்கை மணி மந்தமாகிவிடுகிறது.

கால் பயிற்சி நாளில் தொடையில் இன்சுலின் போடாதீர்கள். வேலை செய்யும் தசைக்கு ரத்த ஓட்டம் கூடி, மருந்து எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறும்.

பயிற்சி என்று பார்த்தால் சிக்கலான அட்டவணை தேவையே இல்லை. டம்பலை நெஞ்சோடு பிடித்து கோப்லெட் ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட், உட்கார்ந்து இழுக்கும் ரோ, டம்பல் பிரஸ், லாட் புல்டவுன், கடைசியில் பிளாங்க். பெரிய தசைகளை வேலை வாங்கும் இந்த ஆறு போதும். சர்க்கரையை விழுங்கும் இடம் தொடையும் பிட்டமும் முதுகும்தான். பைசெப்ஸுக்கு மட்டும் நாலு விதம் செய்து சுகர் இறங்கவில்லை என்றால் எப்படி இறங்கும்? பதினைந்து முறை தூக்க முடிகிற எடையை எடுத்துப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். முதல் மாதம் இரண்டு செட், நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. பிறகு எடையை ஏற்றி எட்டிலிருந்து பத்து ரெப் (ஒரு ரெப் என்றால் ஒரு முறை தூக்கி இறக்குவது), மூன்று செட். எல்லா செட்டிலும் மேல் எண்ணை எட்டி, இன்னும் இரண்டு ரெப் கையில் மிச்சம் இருப்பதாகத் தோன்றினால் மட்டும் அடுத்த முறை எடை கூடும்: கைக்கு 2 அல்லது 2.5 கிலோ, காலுக்கு 5 கிலோ. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். முடியாத கடைசி ரெப்பை முக்கி எடுப்பதில் வீரம் தவிர வேறு லாபம் இல்லை.

சுகர் உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு உறைந்துபோவது மற்றவர்களைவிட அதிகம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் பாதியில் நிற்கிறது என்றால், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸை உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வலியை மீறித் தள்ளினால் மாதக்கணக்கில் கை கட்டிப்போடும். தசைநாண்களும் தசையைவிட மெதுவாகத்தான் பழகும். தசை தயார் என்று சொல்லும்போதே எடையை ஏற்றக் கூடாது என்பது இதனால்தான்.

காலில் மரமரப்பு இருப்பவர்கள் வெறுங்காலில் டெட்லிஃப்ட் செய்யும் ஃபேஷனைப் பின்பற்ற வேண்டாம். அடிப்பகுதி தட்டையான, முன்பக்கம் மூடிய ஷூ. வீட்டுக்குப் போனதும் சாக்ஸைக் கழற்றி, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கண்ணால் பாருங்கள்.

அளக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் தனி ரகம். பாரைப் பிடித்த கையில் சாக் தூளும் வியர்வையும் இருக்கும், நடுவில் குடித்த ஜூஸின் பிசுக்கும் இருக்கும். அந்த விரலில் குத்தினால் 110 இருக்க வேண்டிய இடத்தில் 200 வரலாம். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ப்பு ஏறிய நுனியை விட்டு விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஈரக் கை என்றால் ரத்தம் நீர்த்து எண் குறைந்து வரும். சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைத் தோலில் ஒட்டியிருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. அது தோலடித் திரவத்தை அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சுகர் வேகமாக மாறும்போது அந்த இடைவெளி பெரிதாகத் தெரியும். மேல்கையின் பின்பக்கம் ஒட்டியதை பெஞ்சில் படுத்து அழுத்தினால், பொய்யாக ஒரு லோ அலாரம் அடிக்கும். எழுந்து உட்கார்ந்து, கை கழுவி, விரலில் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரையை வாயில் போட வேண்டும். ஆனால் அறிகுறியும் இருந்தால் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சாப்பிட்டுவிடுங்கள்.

உண்மையான லோ, அதாவது 70-க்குக் கீழே போனால், பாரை ரேக்கில் வைத்துவிட்டு உட்காருங்கள். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு 15. சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். டயட் பானத்தில் சர்க்கரையே இல்லை, அவசரத்தில் அதைக் குடித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். குளுக்கோஸ் பை லாக்கரில் இருந்து பயனில்லை, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எண் தேறிவிட்டாலும் கையும் கவனமும் தேற இன்னும் நேரமாகும். அன்றைக்குத் தலைக்கு மேலோ நெஞ்சுக்கு மேலோ எடை தூக்க வேண்டாம்.

முடித்த பிறகு ஏறியிருக்கும் அந்த எண்ணுக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவான நடை. இதிலேயே ஓரளவு இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் உச்சியிலேயே நின்றால், இன்சுலின் போடுகிறவர்கள் வழக்கமான கரெக்‌ஷனில் பாதியோடு நிறுத்துவது பாதுகாப்பு. காலை வெறும் வயிற்றில் செய்தால் ஏற்றம் அதிகமாகவும், மாலையில் செய்தால் இறக்கம் அதிகமாகவும் இருப்பது பலரிடம் காணும் போக்கு. அடிக்கடி இறங்குகிற டைப் 1-காரர்கள் வெயிட்டை முதலிலும் ஓட்டத்தைப் பிறகும் வைத்துக்கொண்டால் ஓட்டத்தின்போது இறங்குவது குறையும். மாலையில் தூக்கியவர்கள் படுக்கும் முன் ஒரு முறை பார்க்கவே வேண்டும். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு அன்றிரவு பேசலை (நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் போகும் அடிப்படை இன்சுலினை) 20 சதவீதம் குறைப்பது வழக்கமான தொடக்க அளவு. ஊசி போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பேச்சுக்கு வெறும் நினைவைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நோட்டில் எடை, ரெப், செட் எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே நாலு எண்: தொடங்கும் முன், முடித்ததும், இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன். கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் போட்ட யூனிட்டும். இரண்டு மூன்று வாரம் மருந்தில் கை வைக்காமல் எழுதினால் உங்கள் உடம்பின் வளைவு தெரியும். லோ வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள்.

புரதம் பற்றி ஜிம்மில் கேட்கும் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் போதும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் கிலோவுக்கு 0.8 கிராம் என்பதுதான் வழக்கமான அளவு, பவுடர் டப்பாவைத் திறக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. சிறுநீரில் கசியும் ஆல்புமின் புரதத்தைப் பார்க்கச் சிறுநீர் கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் கடுமையாகத் தூக்கியிருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும். கடும் கால் பயிற்சிக்குப் பிறகு, கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் சில நாட்கள் கூடியே இருக்கலாம். அவை தசையிலிருந்தும் வருபவை. கிரியேட்டின் பவுடர் எடுத்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் எண் சற்றுக் கூடும், அதை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக மதிப்பு குறைந்து தெரியும். லேபில் ரத்தம் கொடுக்கும் முன்பே இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எச்பிஏ1சிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் முந்தைய நாள் எவ்வளவு தூக்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.