பதினொரு நாட்கள் காத்திருந்த ஆர்டர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்து அனுப்பும் எங்கள் கடைக்கு வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய ஆர்டர், வங்கி அறிவிப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே புதைந்துபோய், 11 நாட்கள் கழித்தே என் கண்ணில் பட்டது. மகளின் திருமணத்துக்காகக் கேட்டிருந்தார். அதற்குள் முகூர்த்தமே முடிந்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அன்றிரவே ஜிமெயிலில், வரும் அஞ்சல்களைத் தானாகப் பிரித்து வைக்கும் விதிகளான வடிகட்டிகளை (filters) அமைத்தேன். கணினியில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, அனுப்புநரின் முகவரியையோ தலைப்பில் வரும் சொல்லையோ கொடுத்து, ‘Create filter’ என்பதை அழுத்தினால், அத்தகைய அஞ்சல்களை என்ன செய்ய வேண்டும் என்று அதுவே கேட்கும். இப்போது வங்கிச் செய்திகள் இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்குள் சென்றுவிடுகின்றன. வாடிக்கையாளர்களின் அஞ்சல்கள் நட்சத்திரக் குறியுடன் முன்னால் நிற்கின்றன, ஸ்பாமுக்குள்ளும் விழுவதில்லை. வங்கி வடிகட்டியில் ஓடிபி என்ற சொல் உள்ளவற்றை மட்டும் விலக்கி வைத்தேன், ஏனெனில் அவை உடனே கண்ணில் பட வேண்டியவை.

ஏற்கெனவே குவிந்திருக்கும் அஞ்சல்களுக்கும் விதி பொருந்த வேண்டுமானால், அதற்கென உள்ள கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். விளம்பரங்களைத் தானாக அழிக்கும்படி அமைப்பதை நான் விரும்பவில்லை. குப்பைத்தொட்டிக்குப் போனவை 30 நாட்களில் நிரந்தரமாக மறைந்துவிடும், தவறிப்போன ஓர் ஆர்டரும் அவற்றோடு போய்விடலாம்.

கைப்பேசிச் செயலியில் வடிகட்டி உருவாக்கும் வசதி இல்லை. நம் பேட்டை வியாபாரிகள் யாருக்கேனும் தேவைப்பட்டால், மாலையில் கடைக்கு வாருங்கள், என் கணினியிலேயே அமைத்துத் தருகிறேன்.