வானம் ஏன் நீலம்னு கேட்டவர் எங்க ஊர்க்காரர்

மே மாசம் ஆரம்பிச்ச கதை இது, தைப்பூசத்தன்னிக்குத்தான் முடிஞ்சுது. நடுவுல ரெண்டு மூணு தடவை எழுத உக்காந்து எழுந்து போயிட்டேன், இன்னிக்கு எப்படியும் எழுதிடறேன்.

நாங்க அகமதாபாத்ல மணிநகர் பக்கம் குடியிருக்கோம். சின்னவனுக்கு ஸ்கூல்ல குஜராத்தி உண்டு. ஒருநாள் கலர் பேரெல்லாம் படிச்சுட்டு வந்து, "அம்மா, வாதள்னா மேகம், அப்ப வாதளின்னா ஏன் நீலம்? மேகம் வெள்ளையாத்தானே இருக்கு?"ன்னான். எனக்கு என்ன தெரியும், இங்க வந்து பத்து வருஷம் கழிச்சும் காய்க்காரர்கிட்ட பேரம் பேசற அளவுக்குத்தான் என் குஜராத்தி. வானத்தோட கலரா இருக்கும்டான்னு சமாளிச்சேன். விடுவானா, சரி வானம் ஏன் நீலம்னு அடுத்த கேள்வி. நானும் ரொம்ப தெரிஞ்ச மாதிரி "கடலோட ரிஃப்ளெக்‌ஷன்டா"ன்னு சொல்லிட்டேன். "இங்க கடல் எங்கம்மா இருக்கு?"

அவ்வளவுதான், வாய மூடிட்டேன்.

அந்த வாரமே எங்க சொசைட்டில ஒரு அக்கா, அவங்க பொண்ணு லீவு வொர்க்‌ஷாப்புக்குப் போறா, நீயும் பையனை அனுப்பேன்னாங்க. நவ்ரங்புராவுல குஜராத் யுனிவர்சிட்டி எதிர்ல இருக்கற கம்யூனிட்டி சயின்ஸ் சென்டர், முழுப்பேரு விக்ரம் ஏ. சாராபாய் கம்யூனிட்டி சயின்ஸ் சென்டர். எங்களுக்கு ரொம்ப வசதி, காங்கரியா ஈஸ்ட்ல மெட்ரோ ஏறினா அதே லைன்ல குஜராத் யுனிவர்சிட்டி ஸ்டேஷன். மே மாச வெயில்ல அந்த ஏசி மெட்ரோவுக்காகவே போகலாம்னு வைங்க.

முதல்ல நான் வேற என்னமோ எதிர்பார்த்துட்டேன். இந்த ஊர்ல சயின்ஸ் சிட்டின்னு ஒண்ணு இருக்கு, சோலா பக்கம், மீன் காட்சியகம், ரோபோ எல்லாம் வச்சு பிரம்மாண்டமா இருக்கும், ஒருநாள் போனா கால் வலி எடுத்து சமோசா தின்னுட்டு வரலாம். இது அப்படி இல்ல. சாதாரண கட்டிடம், மரம், முற்றத்துல சயின்ஸ் ப்ளேகிரவுண்ட், உள்ள கணக்குக்குன்னு தனியா ஒரு லேப், பசங்க கைய வச்சு நோண்டற சாமான். எனக்கு இதுதான் புடிச்சிருந்துச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு பட்டன் அமுக்கினா லைட் எரியற சமாச்சாரத்துல பசங்க பட்டனைத்தான் ஞாபகம் வச்சுக்கறாங்க.

கணக்கு லேப்ல சின்னவன் ரொம்ப நேரம் நின்ன இடம் எதுன்னா, ஒரு நேர் சரிவு, பக்கத்துலயே தொங்கினாப்ல வளைஞ்ச ஒரு சரிவு, ரெண்டுலயும் ஒரே நேரத்துல கோலிய விடணும். நேரா போறதுதான் முதல்ல வரும்னு நானும் சத்தியம் பண்ணேன். வளைஞ்சது ஜெயிச்சுது. திருப்பி விட்டோம், அப்பவும் அதான். வளைஞ்சது தூரம் ஜாஸ்தி, ஆனா ஆரம்பத்துலயே செங்குத்தா இறங்கி வேகம் புடிச்சுக்குது. இதைப் பாத்துட்டு பின்னாடி நின்ன ஒரு தாத்தா, யாரோ பேரனைக் கூட்டிட்டு வந்தவர், கோலிய மாத்தி வச்சு விட்டுப் பாத்தார், கோலிலதான் ஏதோ ஏமாத்து வேலைன்னு. அப்பவும் அதேதான் ஆச்சு.

வொர்க்‌ஷாப்ல மூணாவது நாள்தான் நம்ம வான விஷயம் வந்துச்சு. கண்ணாடித் தொட்டில தண்ணி, அதுல சில சொட்டு பால், ஒரு பக்கத்துலேர்ந்து டார்ச். ரூமை இருட்டாக்கிட்டு பக்கவாட்டுல பாத்தா தண்ணி லேசா நீலம் அடிக்குது, எதிர்ப்பக்கம் போயி டார்ச்சை நேரா பாத்தா ஆரஞ்சு. ஒரே தொட்டிக்குள்ள பகல் வானமும் இருக்கு, சாயங்கால சூரியனும் இருக்கு. வெளிச்சம் சின்னச் சின்ன துகள்ல பட்டு சிதறும்போது அலைநீளம் கம்மியா இருக்கற நீலம் ஜாஸ்தியா சிதறும், சிவப்பைவிட சுமார் நாலு மடங்குக்கு மேல. வானத்துல அந்த வேலையைச் செய்யறது காத்துல இருக்கற மூலக்கூறுங்க. அப்ப ஊதா இன்னும் சின்ன அலை ஆச்சே, வானம் ஏன் ஊதாவா இல்லன்னு ஒரு பொண்ணு கேட்டாளாம். சூரிய வெளிச்சத்துலயே ஊதா கம்மி, நம்ம கண்ணுக்கும் ஊதா அவ்வளவா புடிபடாதுன்னு சொல்லியிருக்காங்க. இதெல்லாம் பையன் மெட்ரோல நின்னுக்கிட்டே எனக்கு நடத்தின பாடம்.

வீட்டுல செஞ்சு காட்டறேன்னு ராத்திரி என் பெரிய கண்ணாடி ஜாடிய எடுத்துட்டான், அப்பா போன் டார்ச். பாலை நான்தான் ஊத்தினேன். சொட்டு சொட்டா விடணும்னு சொன்னான், எனக்கு காபி கலக்கற கை, சளக்குன்னு விழுந்துடுச்சு. நீலமும் இல்ல ஆரஞ்சும் இல்ல, முழுசா வெள்ளை. அவன் மொறைச்சான், அழுவான்னு நெனச்சேன், திடீர்னு "அம்மா, மேகம்!"னு கத்தினான். அடுத்த நாள் அங்க போயி சொல்லியிருக்கான், சொல்லிக்கொடுக்கற பொண்ணு நல்லா பொறுமையா விளக்கியிருக்கா, கிட்டத்தட்ட சரி ஆனா காரணம் கொஞ்சம் வேற, உங்க ஜாடில பால் ஜாஸ்தியானதால வெளிச்சம் திரும்பத் திரும்ப சிதறி எல்லா கலரும் கலந்துடுச்சு, மேகத்துல அதுவும் உண்டு, கூடவே அங்க தண்ணித்துளியே பெருசு, பெரிய துளி எல்லா கலரையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும்னு. அப்படியே எழுதிட்டு வந்தான். காபி ஜாஸ்தி வெள்ளையானா இப்பல்லாம் எங்க வீட்டுல மேகம்னுதான் பேரு.

கடைசி நாள் பெத்தவங்களையும் வரச்சொன்னாங்க. அங்க பேசும்போதுதான் யதேச்சையா சொன்னாங்க, இந்த சென்டருக்கு அஸ்திவாரம் போட்டப்ப, 1968 டிசம்பர் 22ஆம் தேதி, சர் சி.வி. ராமன் இங்க வந்து பேசினாராம், தலைப்பு "வானம் ஏன் நீலமா இருக்கு". எனக்கு ஒரு நிமிஷம் என்னமோ பண்ணிடுச்சு. ஏன்னா நான் பொறந்து வளந்தது திருவானைக்காவல். ராமன் பொறந்ததும் அங்கதான், 1888ல, அவரோட அம்மாவழி தாத்தா வீட்டுல. எங்க ஸ்கூல்ல ராமன்னா ரெண்டு மார்க் கேள்வி, பொறந்த வருஷம், நோபல் வாங்கின வருஷம் 1930, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், முடிஞ்சுது. இந்த ஊர்க்காரர்தான்னு டீச்சர் பெருமையா சொல்லுவாங்க, அதுக்கு மேல எதுவும் சொன்னதா ஞாபகம் இல்ல.

அன்னிக்கு ராத்திரி அந்தப் பேச்சைத் தேடிப் படிச்சேன், அச்சுல கிடைக்குது. 80 வயசு அவருக்கு அப்போ. படிக்கும்போது அப்படித் தெரியவே இல்ல. பதிலைச் சொல்லிட்டு கெளம்பற ஆள் இல்ல, ஒரு கேள்விலேர்ந்து இன்னொண்ணு கிளப்பிக்கிட்டே போறார். நம்ம பால் ஜாடி மேகம் மாதிரியே அவரும் மேகத்துக்கிட்ட நின்னு யோசிக்கறார். அதைவிட எனக்குப் புடிச்சது நிலா. நிலா வெளிச்சமும் சூரிய வெளிச்சம்தானே, அப்ப பௌர்ணமி வானம் ஏன் நீலமா தெரியல? வானத்துமேல குத்தம் இல்ல, நம்ம கண்ணுமேலதான், கலரைப் பாக்க கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வேணும்ங்கறார். பௌர்ணமி நிலாவே சூரியனைவிட சுமார் நாலு லட்சம் மடங்கு மங்கல்.

இதுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, சொல்லிடறேன், எனக்கு சிரிப்பா வந்துச்சு. 1921ல கப்பல்ல வரும்போது மத்தியதரைக் கடலோட நீலத்தைப் பாத்துத்தான் ராமனுக்கு இந்த சிதறல் பைத்தியமே ஜாஸ்தியாச்சு. கடல் நீலம்ங்கறது வானத்தோட பிரதிபலிப்புதான்னு அதுக்கு முன்னாடி ராலே பிரபுன்னு ஒரு இங்கிலீஷ் விஞ்ஞானி சொல்லி வச்சிருந்தார். ராமன் ஒரு நிகோல் ப்ரிசத்தை வச்சு தண்ணிமேல பட்டு வர்ற வெளிச்சத்தை மறைச்சுட்டுப் பாத்தார், கடல் இன்னும் நீலமாத்தான் தெரிஞ்சுது, அப்ப தண்ணியே சிதறடிக்குதுன்னு. ராலே சொன்னதே தப்புன்னு அவர் காட்டி நூறு வருஷம் தாண்டியாச்சு, நான் அதையும் தலைகீழாக்கி வானத்துக்கே கடல்தான் காரணம்னு பையன்கிட்ட சொல்லியிருக்கேன். எங்க ஊர்ல பொறந்துட்டு.

அப்பாவுக்கு போன் பண்ணி சொன்னேன். "ராமன் குஜராத்துக்கு எதுக்கும்மா போனார்?"னார். அதுவும் நியாயமான கேள்விதான். விக்ரம் சாராபாய் ராமனோட மாணவர், 1940கள்ல பெங்களூர்ல இந்திய அறிவியல் கழகத்துல அவர்கிட்டதான் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி பண்ணார். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, இங்க வந்து 1947ல பிஆர்எல்னு இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் ஆரம்பிச்சார், பெரிய பெரிய விஞ்ஞானிங்க அங்க இருக்காங்க, பக்கத்து ஸ்கூல் பசங்களுக்கு அவங்கள என்னன்னே தெரியாது, ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும்னு நெனச்சதுதான் இந்த சென்டர். குருவைக் கூப்பிட்டு ஆரம்பிச்சிருக்கார். அப்பாகிட்ட இன்னொண்ணும் சொன்னேன், சாராபாய் கட்டினது சென்னைல வளந்த மிருணாளினியை, கேப்டன் லட்சுமியோட தங்கச்சி. "அப்ப நம்ம மாப்பிள்ளை"ன்னு அப்பா முடிச்சுட்டார்.

1971ல சாராபாய் 52 வயசுல இறந்ததுக்கப்புறம்தான் அவர் பேரை சென்டருக்கு வச்சாங்க.

சின்னவனுக்கு இப்ப நிலா பைத்தியம் புடிச்சுடுச்சு. கண்ணுக்குத்தான் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்ல, ரொம்ப நேரம் தொறந்து வச்சா? சரத் பூனம், அதாவது நவராத்திரி முடிஞ்சு வர்ற பௌர்ணமி அன்னிக்கு, சொசைட்டி மொட்டை மாடில எல்லாரும் தூத் பௌவா (பால்ல ஊறின அவல்) கிண்ணத்தோட, கீழ கர்பா, இவன் மட்டும் ஸ்டாண்டுல போனை மாட்டிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு. வந்த படம் என்னன்னா, மஞ்சளும் காவியும் கலந்த ஒரு கலர், அழுக்குத் துணி மாதிரி. தெருவிளக்கு, கடை விளக்கு, தூசி. நாலு தடவை எடுத்தான், நாலும் அதே. தூத் பௌவா நல்லா இருந்துச்சு.

டிசம்பர் 22க்கு மறுபடியும் சென்டருக்குப் போனோம். அன்னிக்கு கணித தினம், ராமானுஜன் பொறந்தநாள். ராமன் வந்து பேசின தேதியும் அதேதான்னு அங்க நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. ஈரோட்டுல பொறந்தவர் ஒருத்தர், திருவானைக்காவல்ல பொறந்தவர் ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே தேதில நவ்ரங்புராவுல. பக்கத்துல இருந்த ஒரு குஜராத்தி அம்மாகிட்ட என் ஓட்டை பாஷைல இதைச் சொல்ல ஆரம்பிச்சு, வினைச்சொல் கிடைக்காம பாதிலயே விட்டுட்டேன். அவங்க தலையாட்டிட்டு தேப்லா குடுத்தாங்க.

நிலா படத்தைப் பத்தி அங்கயே கேட்டான். ஊரைவிட்டு வெளிய போகணும்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் கட்ச் ரண். தைப்பூசத்துக்கு கோவிலுக்குப் போகாம உப்புப் பாலைவனத்துக்கா போறன்னு எங்கம்மா போன்ல ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாங்க. புஜ் தாண்டி 80 கிலோமீட்டர், தோர்தோ. ராத்திரி பதினோரு மணிக்கு மேல உப்புமேல நடந்தோம், குளிர்ல காது விறைச்சுது, கீழ வெள்ளை, மேல கறுப்பும் சாம்பலுமா வானம், கண்ணுக்கு ஒரு சொட்டு நீலம் தெரியல. ஸ்டாண்டை உப்புல குத்தி, போனை நிலாவுக்கு முதுகு காட்டி வச்சு, 30 செகண்ட். யாரும் அசையக்கூடாதுன்னு உத்தரவு. இவங்க அப்பா தும்மினார், அதுக்கு ஒரு மொறைப்பு.

படம் வந்துச்சு. பட்டப்பகல் மாதிரி நீல வானம், அதுக்குள்ள நட்சத்திரம்.

"சீக்கிரம் அனுப்பும்மா, தாத்தாவுக்கு"ங்கறான். அங்க டவர் இல்ல.