ஒட்டிக்கொள்ளும் படலமும் உதிரும் துருவும்

பொன், பிளாட்டினம் போன்ற சிலவற்றை விட்டால், நாம் புழங்கும் உலோகங்கள் எல்லாமே காற்றுப் பட்ட கணத்திலிருந்து ஆக்சிஜனோடு சேரத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே ஓர் உலோகம் ஆக்சிஜனேற்றம் அடைகிறதா என்று கேட்பதைவிட, அப்போது அதன்மேல் உருவாகும் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, உதிர்ந்து விழுகிறதா என்று கேட்பதே பயன் தரும். கப்பல் பட்டறையில் பெயிண்ட் பரிசோதகராக வேலை பார்க்கும் எனக்கு இது நாள்தோறும் கண்ணெதிரே நடப்பது. வீட்டுக் கூரை முதல் தோசைக்கல் வரை இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், பராமரிப்பு பற்றி நாம் பழக்கத்தால் செய்பவற்றில் எது சரி, எது வீண் என்பது தெளிவாகிவிடும்.

அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பைவிட வேகமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் உலோகம் அது. ஆனால் அப்படிப் பற்றியதும் சில நானோமீட்டர் கனமே உள்ள இறுக்கமான ஆக்சைடு படலம் மேற்பரப்பை மூடிவிடுவதால், அதற்குமேல் ஆக்சிஜன் உள்ளே புக வழியில்லாமல் போகிறது. 1923இல் பில்லிங், பெட்வர்த் என்ற இருவர் இதற்கு ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். உருவாகும் ஆக்சைடின் கன அளவை, அதற்காகச் செலவான உலோகத்தின் கன அளவால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஆக்சைடு போதாமல் உலோகம் திறந்தே கிடக்கும். இரண்டைத் தாண்டினால் இடம் போதாமல் படலம் நெருக்குண்டு பெயரும். மெக்னீசியத்துக்கு இது ஏறத்தாழ 0.81, அலுமினியத்துக்கு 1.28, இரும்புக்கு இரண்டுக்குச் சற்று மேல். குரோமியத்துக்கும் இரண்டை ஒட்டியே வருகிறது, ஆனாலும் அதன் படலம் மிக மெல்லியது என்பதால் உறுதியாக நிற்கிறது. கணக்கு ஒரு வழிகாட்டியே தவிர முடிந்த தீர்ப்பு அன்று.

இந்தக் கணக்கு வறண்ட சூழலுக்கானது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். விடியலுக்கு முன் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஈரப்பதம் 60 சதவீதத்தைக் கடந்தாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு வேகமெடுக்கும் என்பதால், இங்கே இரும்புக்கு ஓய்வே கிடையாது. அந்த நீருக்குள் நடப்பது ஒரு சிறு மின்கலத்தின் வேலை: ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரானை இழந்து கரைகிறது, வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து நீர் கலந்த இரும்பு ஆக்சைடாக, நுண்துளைகள் நிறைந்த துருவாகப் படிகிறது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்பும் சேர்ந்து நீரின் மின்கடத்தும் தன்மையைக் கூட்டிவிடுவதால், ஜன்னல் கிராதி அங்கே சீக்கிரமே செதிலெடுக்கிறது.

சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் குளியலறை, சமையலறைக் கூரைகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பலர் அதைச் சிமெண்டின் குறை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல கான்கிரீட் இரும்புக்கு மிகச் சிறந்த பாதுகாப்பு. சிமெண்ட் நீரோடு சேரும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, உள்ளிருக்கும் ஈரத்தின் பிஎச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7க்கு மேல் போனால் காரம்) 12.5க்கு மேல் வைத்திருக்கிறது. அந்தக் காரத்தில் இரும்புக் கம்பிமேல் மெல்லிய, ஒட்டிக்கொள்ளும் ஆக்சைடு படலம் ஒன்று அமைந்து, கம்பியைப் பல பத்தாண்டுகள் காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போய், அந்த ஹைட்ராக்சைடைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டே வருகிறது. அந்த மாற்றம் கம்பி இருக்கும் ஆழத்தைத் தொட்டதும் பிஎச் 9 அளவுக்கு இறங்க, காவல் படலம் கலைந்து, குளியலறை ஈரத்தில் துரு பிடிக்கத் தொடங்குகிறது. துரு தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலைத் தாங்காமல்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது.

இதனால்தான், வெடிப்பின்மேல் பூச்சு வைத்து மூடிவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகே உரிய கலவையால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் மூடிய இடத்துக்குள்ளேயே துரு வளரும். மேல்வீட்டுத் தளத்திலிருந்து நீர் கசிந்தால் அதை முதலில் நிறுத்துவது அவசியம். கூரைக்கு நல்ல பெயிண்ட் அடித்து வைப்பதும் அழகுக்காக மட்டுமன்று, கரியமில வாயு உள்ளே நுழையும் வேகத்தை அது குறைக்கிறது. வீவக வீடுகளுக்காக 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் காரை பெயர்வதைச் சரிசெய்வது அத்தியாவசியப் பணிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது, இந்தச் சிக்கலின் பரவலைக் காட்டுகிறது.

எவர்சில்வர் பாத்திரத்தின் நிலை வேறு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்ததால் அதன்மேல் குரோமிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது, கீறினாலும் காற்றில் மீண்டும் மூடிக்கொள்கிறது. அதற்கு உண்மையான பகை உப்பிலுள்ள குளோரைடு. குளிர்ந்த நீரில் கல்லுப்பைக் கொட்டி அப்படியே விட்டால் அடியில் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். குளோரின் பிளீச்சில் ஊறவைத்தாலும் அப்படியே. நீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கலக்குவது போதும்.

தோசைக்கல் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, ஏனென்றால் அங்கே ஓர் ஆக்சிஜனேற்றத்தைக் கொண்டு மற்றொன்றைத் தடுக்கிறோம். புதுக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கும்போது, எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்புகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பிணைந்து, கறுத்த, வழவழப்பான, இரும்பை விடாத ஒரு பூச்சாக இறுகுகின்றன. ஆளிவிதை எண்ணெய் கலந்த பழைய வண்ணங்கள் உலர்வதும் இதே வேதியியல்தான். தக்காளியோ புளியோ நெடுநேரம் கல்லில் கொதித்தால் அமிலம் இந்தப் பூச்சை அரித்துவிடும். அம்மாக்கள் தோசைக்கல்லில் வேறெதையும் சமைக்க விடாததற்கு நல்ல காரணம் உண்டு.

தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய பித்தளை விளக்குகளைப் புளியால் துலக்குவோம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது. நெடுநேரம் ஊறவிட்டாலோ துத்தநாகமும் கரைந்து, விளக்கில் இளஞ்சிவப்பு தட்டிவிடும். துலக்கியதும் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள், மிஞ்சிய அமிலம் விளக்கு கறுப்பதை விரைவுபடுத்தும். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். அது வெள்ளி சல்ஃபைடு. அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் மூன்றும் சேர்ந்தால், அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்து வெள்ளியை மீட்டுத் தருகிறது, தேய்த்து வெள்ளியை இழக்க வேண்டியதில்லை.

கடைசியாக, என் பிழைப்பான கப்பல். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. அதில் மிதக்கும் எஃகுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கட்டிகளைப் பொருத்துகிறோம். அவை எஃகுக்குப் பதிலாகத் தாம் கரைகின்றன. இந்த எண்ணத்தை 1824இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயத் துறைமுகம் தொடங்கி ஐந்தாண்டுகளே ஆன காலத்தில், ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளுக்காக முன்வைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரைந்து கொண்டிருந்ததால்தான் கொட்டலசுகள் (கப்பலின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை அடர்ந்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. அரிப்பு சில இடங்களில் நமக்கு வேலையும் செய்கிறது என்பதைக் காட்டும் இதைவிட நல்ல சம்பவம் எனக்குத் தெரியாது.

சிங்கப்பூரின் துவாஸ் பகுதியிலுள்ள கப்பல் பட்டறைகளில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலர் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாகப் பீய்ச்சித் துருவை அகற்றுவது) செய்து எஃகைப் பளிச்சென ஆக்கியபின், எங்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் ஏறுமுன்பே மேற்பரப்பில் செந்துரு படரும். இந்த ஊரின் காற்றில் அதைக் கப்பலின் தொட்டிகளுக்குள் சாதிக்க, ஈரம் நீக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. வெறுங்கையால் அந்த எஃகைத் தொடக்கூடாது என்பதும் அங்கே கண்டிப்பான விதி. வியர்வையின் உப்பு படிந்த இடத்தில் பெயிண்ட்டுக்கு அடியில் நீர் சேர்ந்து கொப்புளம் எழும், துரு அங்கிருந்தே தொடங்கும். அப்படிப்பட்ட இடத்தை முழுவதும் சுரண்டிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவி மீண்டும் பூச வேண்டியிருக்கும்.