மதிய மணி

நம் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் டிரில் ஐயா காலமாகிவிட்டார் என்று போன மாதம் நம் பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது சிங்கப்பூரில் மதியம் ஒன்றரை. ஊரில் பதினொரு மணி, முதல் இன்டர்வெல் நேரம். அலுவலகத்தில் அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

பாடம் நடத்திய ஆசிரியர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு மதியச் சாப்பாட்டு மணியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் இல்லையென்றால் நான் ஏழாம் வகுப்போடு நின்றிருப்பேன்.

செட்டிநாட்டில் பெரிய வீடு என்றால் வசதியான வீடு என்று அர்த்தமில்லை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே ஊர் திரும்பினார். அங்கே போட்ட பணம் வரவே இல்லை. நான் பிறந்தபோது வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தேக்குத் தூண்கள் இருந்தன, அடுப்படியில் உலை ஒரு வேளைதான் கொதித்தது. இது வெளியே தெரியக்கூடாது என்பதில் பாட்டி, எங்கள் ஆயா, கடைசிவரை உறுதியாக இருந்தார்.

1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. மறு வருஷம் ஒருநாள் பசி தாங்காமல், ஆயாவுக்குத் தெரியாமல், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். ஆசிரியர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். "மூணு கட்டு வீட்டுப் பிள்ளைக்கு இங்க என்னடா வேலை? ஏழை பாழை சாப்பிடுறதையும் பிடுங்கணுமா?" என்றார். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஊருணிக் கரைக்கு ஓடினேன். அந்த அலுமினியத் தட்டின் விளிம்பு வயிற்றில் சில்லென்று பட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

நாலைந்து நாள் மணி அடித்ததும் ஊருணிப் படியிலேயே போய் உட்கார்ந்தேன். பசியை விடவும், மைதானத்தில் பிள்ளைகள் போடும் சத்தம் அங்கே வரை கேட்டதுதான் தாங்கவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ விசில் கேட்டது. டிரில் ஐயா படிக்கட்டுக்கு மேலே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. "வாடா" என்றார். சமையல் கொட்டகையில் இரண்டு தட்டு வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்து, வரிசையில் என்னை முன்னால் விட்டு அவர் எனக்குப் பின்னால் நின்றார். நான் தயங்கியபோது, "நகருடா, எனக்கும் பசிக்குது" என்று முதுகில் லேசாகத் தட்டினார். சோறு, கத்தரிக்காய் சாம்பார். வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அப்புறம் என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தால்தான் பந்து தருவார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து பந்து அறைச் சாவி என்னிடம் இருந்தது.

மணி அடித்த பிறகும் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் வகுப்பு வாசலில் அவர் போய் நிற்பார். "மணி அடிச்சாச்சு சார்." அவ்வளவுதான் சொல்வார். பிள்ளைகள் வெளியே வரும்வரை நகரமாட்டார். பத்தாம் வகுப்புக்கு மதிய இடைவேளையில் சிறப்பு வகுப்பு வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, காலையிலிருந்து நாலு பீரியட் உட்கார்ந்த பிள்ளைக்கு ஐந்தாவது பீரியடில் எதுவும் ஏறாது என்று ஒற்றை ஆளாக வாதாடினார்.

சில வருஷங்களுக்கு முன் இங்கே என் மகனை, வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று, ரீசஸ் நேரத்தில் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். இருப்பதே அரை மணி நேரம். நான் நேரில் போய்ப் பேசினேன். தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையைப் பறிக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டினேன். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிற, ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவையும் சொன்னேன். அந்த ஆசிரியை பொறுமையாகக் கேட்டார், மறுநாள் முதல் அவனை வெளியே விட்டார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் கண்ணுக்குள் வகுப்பு வாசலில் நிற்கும் டிரில் ஐயாதான் இருந்தார். அவருக்கு இந்த அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். 2019இல் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட ஊருக்கு வந்தேன். தூண்களை ஏற்கெனவே பெயர்த்து லாரியில் ஏற்றியிருந்தார்கள். திருச்சி விமானத்துக்குக் கிளம்பிய கார் பள்ளியைக் கடக்கும்போது மதிய மணி அடித்தது. கண்ணாடியை இறக்கினேன். பிள்ளைகள் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். டிரில் ஐயாவின் வீடு அடுத்த தெருவில், நடந்தால் இரண்டு நிமிஷம். டிரைவர் நிறுத்தவா என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.